கேட்டு பாய் வெட்டாமல் விட்ட துணி

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது நாலு. மூத்தார் காலமானபின் அவர் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் இடுப்பில் ஏறி இறங்கிய உடம்பு இது. பெருத்திருக்கிறது, சிறுத்திருக்கிறது, மறுபடி பெருத்திருக்கிறது. இந்தப் போக்குவரத்தை என் வீட்டுக்காரர் கவனித்ததில்லை. ஊசி போட்ட டாக்டர்களும் கவனித்ததில்லை. காவிரித் தண்ணீர் பாய்கிற இந்தச் சீமையில் அதைக் கவனித்துவந்த ஒரே ஆள் கேட்டு பாய்தான். என்னுடையது என்றில்லை, நீடாமங்கலத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், எதனால் என்கிற சங்கதி மொத்தமும் அந்த ஒரு மனிதர் தலைக்குள்தான் இருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில் காலால் மிதிக்கிற தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்ததால் கேட்டு பாய். பிடித்துத் தைப்பது, பிரித்துவிடுவது, இந்த இரண்டு வேலைதான் செய்வார். புதிதாகத் தைத்துக் கொடுங்கள் என்று துணியை நீட்டினால், செய்யத்தகாத காரியத்தைச் செய்யச் சொன்னதுபோல முகத்தைச் சுளிப்பார்.

"புதுசு எவன் வேணாலும் தைப்பான். போட்டுக்கிட்டு ஒரு மாசம் அலைஞ்சிட்டு எடுத்துட்டு வாங்க. துணிக்கும் உடம்புக்கும் என்ன சண்டைன்னு அப்பதான் தெரியும். சண்டையைத் தீர்க்கத்தான் நான் இருக்கேன்."

நீடாமங்கலம் கேட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடினால் மூடியதுதான். பெண் பார்க்கப் போகிறவர், பிணம் பார்க்கப் போகிறவர், எல்லோருக்கும் ஒரே வரிசை. வண்டி வரும். என்ஜினைக் கழற்றுவார்கள். அதை அந்தப் பக்கம் கொண்டுபோய் மாட்டுவார்கள். கேட்டு திறக்குமோ என்று ஆவலாகப் பார்த்தால் சரக்கு வண்டி ஒன்று வந்து நிற்கும். என் ஆயுளில் பாதி வயலில் போனது, மீதி அந்த கேட்டில் போனது. நினைத்தாலே கால் கடுக்கிறது.

எங்களுக்கெல்லாம் சலிப்பாக இருந்ததுதான் பாய்க்குப் பிழைப்பு. கேட்டு மூடினால் அவர் மிஷின் ஓடும். கேட்டு திறந்தால் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார். பாதித் தையலில் இருந்தாலும் எடுத்துவிடுவார். ஏனென்று கேட்டால், "ஹாரன் அடிக்கிறப்ப தைச்சா ஊசி துணியைப் பார்க்காது, பஸ்ஸைப் பார்க்கும்" என்பார்.

இந்தச் சட்டம் தெரியாமல்தான் நான் முதன்முதலில் அவரிடம் மாட்டினேன். தஞ்சாவூரில் நாத்தனார் மகள் கல்யாணம். மூன்றாவது பிள்ளை பால் மறந்திருந்த நேரம். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்கு ஏற்ற ரவிக்கை கையைப் பிடித்து இறுக்கி, விரலெல்லாம் மரத்துவிட்டது. பஸ் கேட்டில் நின்றது. வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். மரத்தடியில் பொம்பளைகள் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்து நானும் இறங்கினேன். மரத்துக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே பழைய புடவை ஒன்றைக் கட்டி மறைப்பு வைத்திருந்தார் பாய். உள்ளே போய் ரவிக்கையைக் கழற்றி மேல்வழியாகக் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். ஒரு கையைப் பிரித்துத் தைத்தார். இன்னொரு கையைப் பிரித்தார். கேட்டு திறந்தது. மிஷின் சத்தம் நின்றுபோனது.

"பாய், பஸ்சு கெளம்புது!"

"கெளம்பட்டும்கா. கேட்டு திறந்துடுச்சு."

"ஒரு கை இன்னும் தைக்கலையே!"

"அடுத்த வண்டி வரும், கேட்டு மூடும். மூடாம எங்க போயிடப் போவுது?"

அதற்குள் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். "ஏய், எங்கடி போய்த் தொலைஞ்ச? வந்து ஏறு!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"நீங்க போங்க, நான் பின்னால வர்றேன்!"

"ஏன், என்னாச்சு?"

காரணத்தை ஒரு பஸ் ஜனம் கேட்கும்படி சொல்ல முடியுமா? பாய் எனக்கு உதவி செய்தார்.

"அண்ணே, ஒண்ணும் இல்லண்ணே! அக்காவோட ஜாக்கெட்டு என் கையில இருக்கு!"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டார். பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் ஒரே பக்க ஜன்னலுக்கு வர, பஸ்ஸே கொஞ்சம் சாய்ந்தது. வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பஸ் போய்விட்டது. அடுத்த ரயில் வரும்வரை அவர் மரத்துக்கு அந்தப் பக்கமும், நான் மறைப்புக்கு இந்தப் பக்கமும், பாய் நடுவில் டீ குடித்துக்கொண்டும் இருந்தோம். கல்யாணத்தில் எங்களுக்குக் கிடைத்தது கடைசிப் பந்தி. பாயசம் தீர்ந்துவிட்டது. அந்தப் பாயசத்தை என் வீட்டுக்காரர் சாகும்வரை மன்னிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரவிக்கையோடு கையைத் தூக்கிப் பெண்ணுக்கு அட்சதை போட்டேன். கை காற்று மாதிரி ஏறியது.

அதற்குப் பிறகு வேறு யாரிடமும் நான் துணி கொடுத்ததில்லை.

பாய் டேப்பை எடுத்து அளந்து நான் பார்த்ததில்லை. கழுத்தில் மாலைபோல ஒன்று தொங்கும், அவ்வளவுதான். ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு கேள்வி கேட்பார்.

"மேட்டூர் திறந்தாச்சாக்கா?"

"ஜாக்கெட்டுக்கும் மேட்டூருக்கும் என்ன பாய்?"

"தண்ணி வந்தா நடவு. நடவு நட்டா அறுப்பு. அறுத்தா சோறு. சோறு எங்க போயி ஒட்டும்? இங்கதானே?" என்று தன் விலாவைத் தட்டிக் காட்டுவார்.

அவர் வழக்கம் இதுதான். துணியை வெட்டவே மாட்டார். ஓரத்துத் துணியை உள்ளே மடித்துவிட்டு, பக்கத்துக்கு மூன்று வரிசைத் தையல் போடுவார். உடம்பை ஒட்டினாற்போல வருவது கோடைத் தையல். அது வேலையில்லாத பங்குனி, சித்திரைக்கு. அடுத்தது குறுவைத் தையல். ஓரத்தில் ஓடுவது சம்பாத் தையல். குறுவை அறுத்து வீட்டுக்கு நெல் வந்து, ரவிக்கை இறுக்க ஆரம்பித்தால் கோடைத் தையலை நாமே பிளேடால் பிரித்துக்கொள்ள வேண்டும். தையில் சம்பா அறுத்து முடிந்தால் குறுவைத் தையலையும் பிரிக்கலாம். கோடை வந்து இளைத்தால் திரும்ப மரத்தடிக்குப் போக வேண்டும். எங்கள் தெருவில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்து, "என்னடி, பிரிச்சாச்சா?" என்று கேட்டால் அது ரவிக்கையைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. ஆற்றில் தண்ணீரே வராத வருஷங்களும் இருந்தன. அந்த வருஷங்களில் யாரும் பிரிக்கவில்லை. பாயும் எதுவும் கேட்கவில்லை. ஆளைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டு கோடைத் தையலுக்கும் உள்ளே ஒன்று போட்டுக் கொடுத்தார்.

ஆம்பளைகளுக்கு வேறு சட்டம். பேண்ட்டைப் பிடித்துத் தைத்தால் அங்கேயே போட்டுக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து காட்ட வேண்டும்.

"பந்தியில உக்கார முடியாத பேண்ட்டு எதுக்குத் தம்பி? நின்னுக்கிட்டேவா சாப்பிடப் போறீங்க?"

ஒருமுறை ஒரு போலீஸ்காரர் தொப்பையைக் குறைத்துக்கொண்டு வந்து, காக்கிப் பேண்ட்டை ஒட்டப் பிடிக்கச் சொன்னார். பாய் பிடித்துக் கொடுத்து, "உக்காருங்க சார்" என்றார். போலீஸ்காரர் முறைத்தார். பாய் பேசாமல் அவர் லத்தியை எடுத்து மிஷினுக்குக் கீழே வைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் மனிதர் புழுதியில் சம்மணமிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து ரயில் வந்து நின்றது. பெட்டி பெட்டியாக ஜனம் எட்டிப் பார்த்தது. "எந்திரிக்கலாமா பாய்?" என்று போலீஸ்காரர் கெஞ்சினார். "வண்டி போவட்டும் சார், இப்ப எந்திரிச்சா இன்னும் அசிங்கம்" என்றார் பாய். அதுவும் நியாயம்தான்.

ஊருக்கெல்லாம் இப்படிப் பிடித்துக் கொடுத்த மனிதர் போட்டிருந்த சட்டையைப் பார்க்க வேண்டுமே! நெல் மூட்டைக்குள் புகுந்து தலையை மட்டும் வெளியே நீட்டினதுபோல் இருக்கும். தோள் முழங்கையில் கிடக்கும். "அதைக் கொஞ்சம் புடிக்கக் கூடாதா பாய், பார்க்கிற எங்களுக்கு வெக்கமா இருக்கு" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எனக்கு இன்னும் சம்பா வரலைக்கா. வந்தா இடம் வேணுமில்ல?"

இவரோடு எனக்குப் பெரிய சண்டை வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். ஆடி மாதம் ஒரு விஷக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். திரும்பி வரும்போது பாதி ஆளாகத்தான் வந்தேன். சோறு கசந்தது. எழுந்தால் அசதி, உட்கார்ந்தால் அசதி. கண்ணாடியில் யாரோ ஒரு கிழவி நின்றாள். அவளோடு பேச எனக்கு விருப்பமில்லை.

அந்த நேரத்தில்தான் என் மூத்த மகனின் பெண் கயலுக்கு மாயவரத்தில் சம்பந்தம் கூடிவந்தது. பையன் நல்ல பையன், கயலுக்கும் பிடித்திருந்தது. அவள் டீச்சர் படிப்பில் கடைசி வருஷம். கார்த்திகையில் பரீட்சை. அது முடிந்து தைக்கு மேல் கல்யாணம் என்று பேச்சு. பையனுடைய அம்மா பூ வைக்க வந்தவர் என்னைப் பார்த்தார். மேலும் பார்த்தார். பிறகு அடுப்படியில் என் மருமகள் செல்வியிடம் மெதுவாகச் சொன்னார்.

"உங்க மாமியார் ரொம்ப நலிஞ்சு போயிட்டாங்களே. சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. திடீர்னு ஒண்ணு ஆயிடுச்சுன்னா ஒரு வருஷம் தள்ளிப் போயிடும். பேசாம ஐப்பசியிலயே வச்சுக்கிட்டா என்ன? அடுத்த வாரம் வர்றோம், தேதி குறிச்சிடலாம்."

காய்ச்சல் என் காதைத் தொடவில்லை. எல்லாம் கேட்டது. ஆறு பிள்ளை வளர்த்தவளைப் பார்த்து, சாகப்போகிறவள் என்று முகூர்த்தம் குறிப்பதா? கோபம் வந்தது, ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கயல் அழவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஐப்பசியில கல்யாணம்னா பரீட்சை போச்சு அப்பாயி. அப்புறம் எழுதிக்கலாம்பாங்க. அப்புறம்னா எப்ப?"

"நீ புத்தகத்தைத் தொற. ஒரு வாரத்துல நான் எப்படி நிக்கிறேன்னு பாரு."

சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வாரத்தில் சதையா வளரும்? தேதி குறிக்க வருகிறவர்கள் முன்னால் நான் திடமாக நின்றால்தான் பெண் பரீட்சை எழுதுவாள். அவர்கள் வருகிற அன்று காலையில் பெட்டியைத் திறந்து, அறுபதாம் கல்யாணத்துக்குத் தைத்த அரக்குப் பட்டு ரவிக்கையை எடுத்துப் போட்டேன். கொடிக்குச்சியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. கயல் ஸ்கூட்டியில் கேட்டுக்குக் கொண்டுபோய் விட்டாள்.

நல்லவேளை, கேட்டு மூடியிருந்தது. பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கக்கா. மீதி எங்கக்கா?"

"ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்துட்டேன். இருக்கிற மட்டுக்கு ஒட்டப் புடிச்சிக் குடுங்க. உள்ள திரட்டி வச்சிருக்கீங்களே துணி, அதை வெட்டி எறிஞ்சிடுங்க. தோலெல்லாம் உறுத்துது."

"புடிக்கிறேன். வெட்ட மாட்டேன்."

"என் துணி பாய்!"

"உங்க துணிதான். என் கத்திரிக்கோல்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து, தேதி குறிக்க வருவதையும், என்னைப் பார்த்து அவசரப்படுவதையும், பெண்ணின் பரீட்சையையும் சொன்னேன். பாய் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்.

"பையனோட அம்மா எப்படிக்கா? எட்ட நின்னு பேசுமா, தொட்டுப் பேசுமா?"

"அது மாட்டுச் சந்தையில மாடு பார்க்கிற மாதிரி புடிச்சுப் பார்த்துத்தான் பேசும். இப்ப அதுவா முக்கியம்? வெட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன். மூணு வரிசைத் தையல் உண்டு."

"எழுபது தாண்டியாச்சு, எனக்கு இனிமே எந்தச் சம்பா பாய்?"

பாய் பெடலை மிதித்தபடியே சொன்னார்: "அறுத்த வயல்லயே திரும்ப நட்டதில்லையாக்கா நீங்க? தாளடின்னு ஒண்ணு இருக்குல்ல."

வெடுக்கென்று ரவிக்கையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் தோள் சரியாக நின்றது, இடுப்பும் நின்றது. ஆனால் கைக்குள்ளும் விலாவிலும் முதுகிலும் பட்டை பட்டையாகத் துணி மடிந்து, ரவிக்கை போட்டதுபோலவே இல்லை, மெத்தைக்குள் புகுந்ததுபோல் இருந்தது. மாற்ற நேரமில்லை. மாயவரத்துக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

வாசலில் நின்று வரவேற்றேன். உள்ளே வேர்வை ஊற்றாகக் கொட்டியது, முகத்தில் சிரிப்பு. பையனுடைய அம்மா நேராக வந்து என் மேல்கையைக் கப்பென்று பிடித்தார். ஒரு அமுக்கு அமுக்கினார். பிறகு முகம் மாறியது.

"என்னம்மா, கை திண்ணுன்னு இருக்கே! நல்லாத் தேறிட்டீங்களே!"

"எனக்கென்ன குறைச்சல்? நாத்துப் பறிக்கச் சொன்னா இப்பவும் பறிப்பேன்."

அவர் முதுகையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அங்கேயும் துணி தாங்கியது. செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் காபி போடுகிறேன் என்று உள்ளே ஓடினாள். தேதி மாசியில் குறித்தார்கள். கயல் கார்த்திகையில் பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள்.

தேதி குறித்த மறுநாளே பாயிடம் சொல்லப் போனேன். நன்றி என்றெல்லாம் சொல்ல எனக்கு வாய் வராது. நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

"எந்தக் கையைக்கா புடிச்சாங்க?"

"வலது கை."

"அதுலதான் ஒரு மடிப்புக் கூட வச்சேன்."

அன்றைக்குத்தான் அவர் சட்டையைச் சரியாகப் பார்த்தேன். சட்டை எப்போதும்போலத்தான் இருந்தது. உள்ளே இருந்த ஆள்தான் குறைந்திருந்தார். "உடம்புக்கு என்ன பாய்?" என்றேன். "கேட்டு திறந்துடுச்சு, கெளம்புங்கக்கா" என்று விட்டார்.

போன கார்த்திகை மழையில் பாய் காலமாகிவிட்டார். விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கட்டின நாள்லேருந்து கேட்டேன், அளவா ஒரு சட்டை போடுங்கன்னு. கடைசியா உடுத்தினதுல தையலே கிடையாதுக்கா. எங்க வழக்கம் அப்படி. வெறும் வெள்ளைத் துணி." துணிக்கும் உடம்புக்கும் சண்டை தீர்ந்துவிட்டது என்று அவராக இருந்தால் சொல்லியிருப்பார்.

அவர் சொன்ன தாளடியும் வராமல் போகவில்லை. மெல்ல மெல்ல சோறு இனித்தது. கயல் கல்யாணத்துக்கு முதல் தையலைப் பிரித்தேன். இந்தப் பொங்கலுக்கு இரண்டாவதைப் பிரித்தேன். இப்போது அதுவும் பற்றாமல் அக்குளில் பிடிக்கிறது. மிச்சம் ஓரத்தில் ஒரே ஒரு வரிசை இருக்கிறது. ஊருக்கு வந்திருக்கிற கயல் பிளேடை வைத்துக்கொண்டு, "பிரிச்சி விடறேன் அப்பாயி, அதுக்குத்தானே விட்டு வச்சாரு" என்கிறாள். அதற்குத்தான். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் அந்த வரிசை இருந்துவிட்டுப் போகட்டும். மூச்சுத்தானே, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொள்கிறேன்.

பிளேடை அந்தப் பக்கம் வைத்துவிட்டு நான் எழுதின இந்தத் தாளை எடு கயல். என் கையெழுத்து உனக்குத்தான் புரியும். முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். மெதுவாகவே வாசி. கேட்டு மூடித்தான் இருக்கிறது.